கதிரின் வலது கை

முரளி பெரியப்பா: மணிக்கட்டில் அறுவை செய்த கதிரை நாளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திங்களும் வியாழனும் பிசியோதெரபிக்கு அழைத்து வர வேண்டும். எனக்கு விடுப்பு மீதமில்லை. யார் துணைக்கு வருவீர்கள்?

சங்கரன் சித்தப்பா: எங்கள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அண்ணா. நம் வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிட்டால் ஒரே மாதத்தில் சரியாகிவிடும். கண்ணாடி கிழித்த அன்றே இரவோடு இரவாக அறுவை செய்திருக்கவும் வேண்டாம்.

வசந்தா அத்தை: சங்கரா, அந்தக் கையை யாரும் நீவக் கூடாது. அறுபட்டவை, தசையை எலும்போடு இணைக்கும் நார்களான தசைநாண்கள் ஏழும், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும். அறுந்த தசைநாண் முன்கைக்குள் சுருங்கி ஏறிவிடும். வாரங்கள் கடந்தால் அதை இழுத்துத் தைக்க முடியாமல், வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டவைக்க நேரும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கைப் பிரிவில் நான் இருந்த காலத்தில், மேல்தோலை மட்டும் தைத்துக்கொண்டு தாமதமாக வந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்தேன். நம் அப்பாவின் கையில் அரிவாள் பட்டபோதும் நீதான் பொறுத்துப் பார்க்கலாம் என்றாய். கடைசிவரை அவர் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டார்.

கலா சித்தி: பழைய பேச்சு இப்போது எதற்கு, அண்ணி?

மீனா: அத்தை, மூன்று வாரத்தில் என் நிச்சயதார்த்தம். அண்ணன் தட்டு எடுப்பாரா?

வசந்தா அத்தை: வரட்டும், தட்டு எடுக்க வேண்டாம். முதல் மூன்று வாரங்கள் தையல் வலுவற்றிருக்கும். கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கட்டு சுமார் 6 வாரம் இருக்கும். கனமான பொருளைத் தூக்க 12 வாரமாவது ஆக வேண்டும். அதற்காக அசைக்காமலே வைத்தாலும் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் நாள் தவறாமல் செய்ய வேண்டும்.

முரளி பெரியப்பா: இன்று காலை ஸ்பிளின்ட்டுக்குள்ளேயே இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். நான் கட்டைவிரல் நுனியைப் பிடித்திருந்தேன், "அப்பா, தொட்டுவிட்டீர்களா?" என்று கேட்டான்.

வசந்தா அத்தை: கலங்காதே, முரளி. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு உணர்வு போய்ச்சேர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்தக் கையில் சூடான டம்ளரைக் கொடுக்காதே. சுட்டாலும் அவனுக்குத் தெரியாது.

மீனா: திங்கட்கிழமைகளில் நான் அழைத்துப் போகிறேன்.

சங்கரன் சித்தப்பா: எண்ணெய்ப் பேச்சை விட்டுவிட்டேன், அக்கா. அறுவடை முடியாமல் வியாழனுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

கலா சித்தி: மீனா, பந்திக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார்.

வசந்தா அத்தை: இலைக் கணக்கை இரவு பேசலாம். வியாழக்கிழமை யார் வருகிறீர்கள்?