புதுப்பிப்பு: தனியாக வளரும் எங்கள் முயலும் பனையோலைப் பெட்டியும்

எங்கள் முயல் ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது, தனியாக இருப்பதால்தானோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டு வயிற்றுக்குள் போனால் குடல் அடைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். பிடித்துப்போனது சாயம் போடாத பனையோலைப் பெட்டிதான். உள்ளே அருகம்புல்லைத் திணித்து வைத்தேன். முதலில் மூக்கால் முட்டியது. பிறகு முன்பல்லால் விளிம்பிலிருந்து ஓர் ஓலைக்கீற்றை உருவி, காதைச் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் மென்றது. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும், அது தேய ஏதாவது வேண்டும்.

அப்புறம் அட்டைப்பெட்டி. இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வழி என்றால் மாட்டிக்கொண்டதாகப் பயப்படும். டேப், ஸ்டேப்ளர் பின்னை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஆனாலும் பெட்டி துணையாகாது. விடியலிலும் அந்தியிலும்தான் அது சுறுசுறுப்பு. அந்த நேரம் பக்கத்தில் தரையில் உட்கார்கிறேன். நேற்று என் முழங்காலில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போனது, தன்னுடையது என்று அடையாளம் வைப்பதுபோல. கருத்தடை முடிந்ததும் இன்னொரு முயலைப் பழக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.