உப்பிய கெப்பாசிட்டர் இரண்டுதான், ஆறையும் மாற்ற வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பரணில் கிடந்த 2003-ஆம் ஆண்டு ஏஜிபி (பழைய வகை ஸ்லாட்) கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழைய கணினியில் செருகிப் பார்த்தேன். படம் வருகிறது. ஆனால் கேம் ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஆனதும் திரையில் கோடு கோடாக வந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, தெர்மல் பேஸ்டும் புதிதாகத் தடவிவிட்டேன்.

கார்டில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் (உள்ளே எலக்ட்ரோலைட் என்ற திரவம் உள்ள, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளைகள்) ஆறு, எல்லாமே 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். இரண்டின் தலை லேசாக உப்பியிருக்கிறது. மேலே ஸ்கேலை வைத்தால் ஆடுகிறது. மற்ற நான்கும் தட்டைதான். அதில் ஒன்றின் அடியில் மட்டும் பழுப்பாக ஒரு பொருக்கு. கசிந்த எலக்ட்ரோலைட்டா, தயாரிக்கும்போதே ஒட்டிய பசையா? காது குடையும் பஞ்சுக்குச்சியை ஈரமாக்கித் தேய்த்தும் வரவில்லை.

அந்தக் காலத்துக் கெப்பாசிட்டர்கள் மட்டமான எலக்ட்ரோலைட்டால் கொத்துக் கொத்தாகப் போன கதை தெரியும். அதனால்தான் தட்டையாக இருப்பதையும் நம்ப முடியவில்லை. மல்டிமீட்டர் உதவவில்லை, கழற்றாமல் அளந்தால் பக்கத்தில் இணையாக இருப்பவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. கெப்பாசிட்டரின் உள்மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் என்னிடம் இல்லை.

சரி, இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா, ஆறையுமா? அதே இடத்தில் பாலிமர் வகை (திரவத்துக்குப் பதில் திடப் பாலிமர் உள்ளது) போடலாமா? இருப்பது 25 வாட் சால்டரிங் அயர்ன். கிரவுண்ட் பக்கத்துக் காலில் அகலமான செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளுமே, ஈயம் உருகுமா என்றே பயம். அல்லது கோளாறு மெமரி சிப்பில்தானா? இப்படி ஒன்றைக் கையால் மாற்றியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.