புழு வளர்க்கிற வீட்டில் ஒரு சந்தன சோப்பு: உங்களுக்கென்று நீங்கள் வைத்திருப்பது என்ன?

மல்பெரிக்காரி (பாலக்கோடு பக்கம்)

வணக்கம். பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் ஒரு ஊர் எங்களுடையது. இரண்டு ஏக்கர் மல்பெரி, வீட்டுக்குப் பின்னால் புழு ஷெட். நான் கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து பட்டுப்புழுதான் சோறு போடுகிறது.

கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன்னால் இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. பவுடர் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போகக் கூடாது. தலையில் மல்லிகைப்பூ கூடாது. ஊதுபத்தி, சென்ட், வாசனைத் தைலம் எதுவும் கூடாது. கொசுவர்த்திச் சுருளை வீட்டுக்குள் கொளுத்தினாலே பயமாக இருக்கும், அந்தப் புகை பட்டால் புழு பிழைக்காது. இளம்புழு மையத்தில் இரண்டாவது தோல் உரித்து முடித்த புழுவைத்தான் வாங்கி வருகிறோம். அது வந்து இறங்கிய நாள் முதல் கூட்டைப் பிரித்து எடுக்கும் வரை கிட்டத்தட்ட இருபத்தைந்து நாள். அத்தனை நாளும் நான் துணி துவைக்கிற பார் சோப்பில் கை கழுவி, வாசனையில்லாத தேங்காய் எண்ணெய் வைத்து, பூ இல்லாமல் இருப்பேன். வருடத்துக்கு ஒன்பது பயிர் எடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருநூறு நாளுக்கு மேல் வருகிறது.

பயிருக்குப் பயிர் நடுவில் பதினைந்து நாள் இடைவெளி கிடைக்கும். அதில் முதல் வாரம் தட்டு, வலை, புழு கூடு கட்டுகிற சந்திரிகை எல்லாம் கழுவி, ஷெட்டுக்குப் பிளீச்சிங் பவுடர் அடிக்க வேண்டும். அந்த நாற்றம் நகக்கண் வரை ஏறியிருக்கும். அது முடிந்த அடுத்த ஏழெட்டு நாள்தான் எனக்கு வாசனை உள்ள நாள்.

அந்த நாளுக்காக மைசூர் சாண்டல் சோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். தர்மபுரியில் கூடு ஏலம் போட்டுவிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவேன். வருடத்துக்கு இரண்டு சோப்பு, அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் வேறு சோப்பு இருக்கிறது. இது எனக்கு மட்டும். மதியம் இரண்டு மணிக்கு அவர் தோட்டத்தில் இருப்பார், பையன் காலேஜில் இருப்பான். விறகு அடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் குளிப்பேன். நுரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். வெளியே வந்ததும் காலையில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்த குண்டுமல்லி இரண்டு முழம் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வரை என் மேலேயே எனக்கு ஒரு பிரியம் இருக்கும்.

கேள்வி இதுதான். அந்த சோப்பை நான் ராகி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் ஒளிக்கிறேன். ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கிறதா? அதை வீட்டில் சொல்லிவிட்டு வைத்திருக்கிறீர்களா, மறைத்தா?

ஓசூர் நைட் ஷிப்ட்

அக்கா, நான் அரூர்ப் பையன். ஓசூர் சிப்காட்டில் வேலை. ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். ராத்திரி முழுக்க எண்ணெய், இரும்பு, சத்தம். காலையில் அறைக்கு வந்தால் மூன்று பேருடைய ஈரத்துணி காய்ந்துகொண்டிருக்கும்.

எனக்கு ரோஜா. பாகலூர், பேரிகைப் பக்கமெல்லாம் பசுமைக்குடில்தான் என்பது உங்களுக்கே தெரியும். இருபது பூ கொண்ட கட்டாகத்தான் விற்பார்கள். கல்யாண முகூர்த்தத்திலும் பிப்ரவரி 14 வரும்போதும் நெருங்க முடியாது. ஆடியில் விலை விழுந்துவிடும். தாஜ்மஹால் என்று ஒரு ரகம், கருஞ்சிவப்பு, காம்பு நீளம். வாரத்துக்கு ஒரு கட்டு வாங்கி வந்து, காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீர் பாட்டிலில் வைத்து என் தலைமாட்டில் வைப்பேன். தினம் தண்ணீர் மாற்றி, காம்பு நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் ஓசூர்க் குளிருக்கு ஒரு வாரம் நிற்கும்.

முதல் வாரம் கூட இருக்கிறவர்கள் யாருக்கு இந்தப் பூ என்று விடாமல் கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர்களே தண்ணீர் மாற்றி வைத்திருந்தார்கள். அதனால் சொல்கிறேன், ஒளிக்காதீர்கள் அக்கா.

கடத்தூர் விவசாயி

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அம்மா தனக்கென்று ஒரு ரூபாய் செலவு செய்து நான் பார்த்ததில்லை. மழை பொய்த்த வருடங்களில் அவர் சேர்த்து வைத்த சில்லறைதான் என் ஹாஸ்டல் கட்டணம். இன்றைக்குச் சோப்பு, நாளைக்கு வேறொன்று என்று போனால் குடும்பத்தில் ஓட்டை விழும். நம் தகடூர் அதியமான் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்ததால்தான் இன்றைக்கும் பேசுகிறோம். தனக்கு மட்டும் என்பது எனக்கு ஒட்டவில்லை.

மல்பெரிக்காரி

கோபமெல்லாம் இல்லை. உங்கள் அம்மாவைப் போன்ற அம்மாதான் எனக்கும். ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சோப்புக்கு வருடத்துக்கு இருநூறு ரூபாய் அளவில் ஆகும். ஒரு பயிர் நோய் தாக்கிப் போனால் நாங்கள் இழப்பது பல ஆயிரம். கடைசிப் பருவத்தில் ஒரு வாரம் இருக்கும், புழு தன் வாழ்நாளில் தின்கிற இலையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த வாரத்தில்தான் தின்னும். அப்போது காலை, மதியம், ராத்திரி என்று தண்டோடு வெட்டிச் சுமந்து போடுவேன். தோள் காய்த்துப் போயிருக்கிறது. அந்தத் தோளுக்குத்தான் இந்தச் சோப்பு.

தம்பி, உன் ரோஜாவை நினைத்துக்கொண்டே இன்றைக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தேன்.

பென்னாகரம் ஓய்வாசிரியர்

கடத்தூர்த் தம்பி அதியமானை இழுத்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் தமிழ் நடத்தியவன். புறநானூற்றில் அந்த நெல்லிக்கனியைப் பாடியவர் ஔவையாரேதான். அதன் அருமையை வெளியே சொல்லாமல் மனதுக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தாயே என்றுதான் நெகிழ்கிறார். கொடுத்தவரைப் பற்றி இரண்டாயிரம் வருடமாகப் பேசுகிறோம், சரி. அந்தக் கனியை வாங்கிச் சாப்பிட்டவரும் ஒரு பெண்தானே. சாப்பிட்டதற்காக அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. உழைத்துக் களைத்தவர் கையில் நல்லதொன்று சேர வேண்டும் என்பதும் அந்தப் பாட்டில் இருப்பதாக நான் படித்துக்கொள்கிறேன்.

அம்மா, உங்கள் சோப்புக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கப்பல் போக முடியாமல் மைசூர் சமஸ்தானத்துச் சந்தனக் கட்டை தேங்கிப்போனது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலம் அது. கட்டையை இங்கேயே எண்ணெயாக்குவோம் என்று 1916இல் பெங்களூரில் ஆலை தொடங்கினார்கள். 1918இல் சோப்பு வந்தது. அட்டைப்பெட்டியில் யானைத் தலையும் சிங்க உடலுமாக ஒரு உருவம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குச் சரபம் என்று பெயர்.

என்னுடையதையும் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்வேன். பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் பஸ் இறங்கும்போதே உடம்பு தளர ஆரம்பிக்கும். பாறைமேல் உட்கார வைத்து, கழுத்திலிருந்து பாதம் வரை தட்டி, நீவி, உருட்டி விடுவார்கள். அப்புறம் மெயின் அருவியில் போய் நின்றால் தலையில் இருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியாது. வரும் வழியில் மீன் வறுவல், சோறு. தினமும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் நான் பார்ப்பது காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி என்பதைத்தான். கர்நாடகத்தில் நல்ல மழை என்றால் இங்கே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு மாதம் போக முடியாமல் தவித்ததும் உண்டு.

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆனால் பல வருடம் மூட்டுவலிக்கு நல்லது என்று காரணம் சொன்னேன். எனக்கு மூட்டுவலியே கிடையாது. பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன் என்று சொல்ல அறுபது வயது ஆக வேண்டியிருந்தது. நீங்கள் ஒளிப்பதும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது. சோப்புக்குச் சொல்ல உங்களிடம் ஒரு காரணம் இல்லை.

சந்தூர் மாந்தோப்பு

சார் கடைசியில் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நாங்கள் போச்சம்பள்ளிக்குப் பக்கம். தோப்பில் பெரும்பகுதி பெங்களூரா, அதெல்லாம் கூழ் ஆலைக்குப் போய்விடும். கொஞ்சம் செந்தூரா, கொஞ்சம் நீலம். கிணற்றோரம் ஒரே ஒரு இமாம்பசந்த் மரம். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், நாரே இருக்காது. அந்த மரத்துப் பழத்தை அப்பா விற்றதில்லை. ஆனால் வீட்டில் பழம் நறுக்கும்போது இரண்டு கன்னமும் மற்றவர்களுக்கு, கொட்டை அம்மாவுக்கு. பாட்டிக்கும் கொட்டைதான். கல்யாணமான பிறகு எனக்கும் கொட்டைதான் வந்தது. கொட்டைதான் ருசி என்று நானும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஜூனில் ஒருநாள் விடியற்காலையில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். நறுக்காமல், தோலை உரித்து, முழங்கை வரை சாறு வழிய. இந்த வருடமும் சாப்பிட்டேன். சீசனுக்கு நான்கு பழம் எனக்கு என்று இப்போது வீட்டில் சொல்லிவிட்டேன். என் மகள் அதைக் கேட்டு, அப்ப எனக்கும் நாலு என்றாள். சரி என்றேன். அவளுக்கு யாரும் கொட்டையைக் கொடுத்துப் பழக்க வேண்டாம்.

கடத்தூர் விவசாயி

ஐயா சொன்ன விளக்கத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்து முழுக்க மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் கொட்டை விஷயம் எங்கள் வீட்டிலும் அப்படியே.

மல்பெரிக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

சோப்பை எடுத்துக் குளியலறைத் திட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது எப்ப வாங்கினே?" என்று கேட்டார். எட்டு வருடமாக வாங்குகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கூடு வித்துட்டு வர்ற அன்னிக்கெல்லாம் உன் பையில ஒரு வாசனை வரும், கோயில் பிரசாதம்னு நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவர் அந்தச் சோப்பைத் தொடவில்லை என்பதையும் கவனித்தேன். காய்ந்தே இருந்தது.

அதைவிட, மாமியாரிடம் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும். எழுபத்தொன்பது வயது. முன்பு வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம். புகையிலை புழுவுக்கு விஷம், அதைத் தொட்ட கையால் இலை போட்டாலே போதும், புழு செத்துவிடும். அதனால் முப்பது வருடமாக வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய்விடுவார். போட்டு முடித்து, வாய் கொப்பளித்து, கை கழுவி, அரை மணி நேரம் கழித்துத்தான் வருவார். மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் சொல்லிப் புகையிலையை விட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கும் தினம் அதே நேரத்துக்கு மரத்தடிக்குப் போகிறார். நான் இத்தனை நாள் அதை யோசித்ததே இல்லை.

"அத்தை, உங்களுக்குன்னு நீங்க எதை வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் புளியமரந்தான். பொயல போடப் போறேன்னு சொன்னா ஒருத்தரும் கூப்பிட்டு வேலை சொல்ல மாட்டாங்க. மாமனார் கூடக் கூப்பிட மாட்டாரு. அதுக்காகவே கொஞ்ச நாள் சேத்துப் போட்டேன்" என்றார்.

கையை நீட்டச் சொல்லி, சோப்பு நுரையை அவர் இரண்டு கையிலும் தேய்த்துவிட்டேன். கழுவிய பிறகு ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். பூவும் கேட்டார். வைத்துவிட்டேன்.

நாளை காலை ஏழு மணிக்குப் புழு வருகிறது, இருநூறு முட்டைத் தொகுதியில் பொரித்தது. சோப்பைக் காயவைத்து அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டு மூடி, அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். இனிமேல் கூடு பிரிக்கும் வரை இந்தப் பக்கம் வர முடியாது. இன்னும் யாராவது எழுதினால் வந்து படிப்பேன்.