பட்டியலில் பெயர் இல்லாமல் ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமா?

கத்திரிவெயில்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி, 49ஏ-இன்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டுப் போடலாமாம். எல்லாருக்கும் அனுப்புங்கள்.

பழையபேனா: தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் புரளி தூசி தட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்கு இயந்திரத்தின் வடிவமைப்பைச் சொல்கிறது. அதில் சேலஞ்சும் இல்லை, ஆதாரும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. நான் ஐந்து தேர்தல்களில் சாவடியில் உட்கார்ந்தவன்.

கத்திரிவெயில்: அப்போ சேலஞ்ச் என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாதா?

பழையபேனா: 49ஜே-யில் இருக்கிறது. அது நீங்கள் போடுகிற ஓட்டு இல்லை. வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று பூத் ஏஜெண்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார்.

கத்திரிவெயில்: ஆக, இருக்கிறது! இதைத்தானே நானும் சொன்னேன். 2 ரூபாய்தானே, கட்டிவிட்டால் போயிற்று.

மழைக்காக்கை: அவர் 49பி-யைச் சொல்கிறாரோ?

பழையபேனா: எந்த பி? ஏ-வுக்கு அடுத்ததா, ஓ-வுக்கு அடுத்ததா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

மழைக்காக்கை: தமிழைக் குறை சொல்லாமல் உங்களுக்கு ஒரு பதிவும் எழுத வராதா?

பழையபேனா: தமிழாசிரியர் மகனிடம் தமிழ்ப்பற்று பேசாதீர்கள். ஓ-வுக்கு அடுத்த பி-தான். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், காகித வாக்குச்சீட்டு தருவார்கள். முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறைக்குள் போய்விடும், மற்ற ஓட்டுகளோடு எண்ண மாட்டார்கள். ஆய்வுக்குரிய வாக்கு. அதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும்!

மழைக்காக்கை: எண்ணாத ஓட்டை எதற்குப் போடுவது?

பழையபேனா: 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அவர் போட்ட வழக்கில் ஆய்வுக்குரிய வாக்குகள்தான் பேச்சே. அவரிடம் போய்க் கேளுங்கள்.

ஒற்றைப்பனை: பேனா சாரை நம்பித்தான் வீடு மாறியபோது, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டு அலைந்தேன். 2022-லிருந்து அதற்குப் படிவம் 8.

பழையபேனா: நீங்கள் கேட்டபோது 6-தான்.

ஒற்றைப்பனை: நான் கேட்டது 2023-இல். பழைய பேனா, பழைய மை.

பழையபேனா: தேதியோடு எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம். கத்திரிவெயில், நீங்கள் முதலில் அந்தப் பதிவை எடுங்கள். பெயர் இருக்கிறதா என்று இன்றே பட்டியலைப் பாருங்கள். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் யார் வந்தாலும் சேர்க்க முடியாது.

கத்திரிவெயில்: அதெல்லாம் சரி சார். அந்த 2 ரூபாயை ஏஜெண்டிடம் கட்டுவதா, அலுவலரிடமா?