சுவிட்சிலேயே பெயருக்கு முகவரி பதிவது எப்படி?

கேள்வி: சிஸ்கோ ஐஓஎஸ் மென்பொருளில் இயங்கும் சுவிட்சிலிருந்து (நெட்வொர்க்கில் கணினிகளை இணைக்கும் சாதனம்) மற்றச் சாதனங்களுக்கு பிங் (இணைப்பைச் சோதித்தல்), டெல்நெட் (தொலைவிலிருந்து உள்நுழைதல்) செய்ய ஒவ்வொரு முறையும் ஐபி முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. டிஎன்எஸ் சர்வர் (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) இல்லாத நெட்வொர்க்கில் பெயர்களைப் பயன்படுத்த வழி உண்டா? கட்டளையைத் தவறாகத் தட்டினால் திரை வெகுநேரம் அப்படியே நின்றுவிடுவதும் இதனோடு தொடர்புடையதா?

மறுமொழி: வழி உண்டு. சுவிட்சின் அமைப்புகளை மாற்றும் குளோபல் கான்ஃபிகரேஷன் நிலையில் ‘ஐபி ஹோஸ்ட் கோர்1 10.1.1.5’ என்பதுபோல் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். பிறகு ‘ஷோ ஹோஸ்ட்ஸ்’ கட்டளையில், நீங்கள் பதிந்தவை ‘பெர்ம்’ (நிலையானது) என்ற குறியுடனும், டிஎன்எஸ் வழியாகக் கிடைத்தவை ‘டெம்ப்’ (தற்காலிகமானது) என்ற குறியுடனும் தெரியும்.

மறுமொழி: திரை நிற்பதற்குக் காரணம், தனக்குத் தெரியாத சொல்லைச் சுவிட்ச் ஒரு ஹோஸ்டின் (நெட்வொர்க்கில் உள்ள சாதனத்தின்) பெயராகக் கருதி, டிஎன்எஸ் சர்வர் எதுவும் குறிப்பிடப்படாததால் 255.255.255.255 என்ற பிராட்காஸ்ட் முகவரிக்குக் (நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவானது) கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான். ‘நோ ஐபி டொமைன் லுக்கப்’ அதை நிறுத்திவிடும். கையால் பதிந்த பெயர்கள் அதன்பிறகும் வேலை செய்யும் என்பதால் தயங்க வேண்டாம்.

மறுமொழி: இந்தப் பட்டியல் அந்தச் சுவிட்சின் சொந்தப் பயன்பாட்டுக்கானது, அதில் இணைந்த கணினிகளுக்கு இது தானாக உதவாது. முகவரி மாறினால் ஒவ்வொரு சுவிட்சிலும் திருத்தியாக வேண்டும் என்பதால், சாதனங்கள் பெருகும் இடத்தில் டிஎன்எஸ் சர்வர் வைப்பதே முறை என்று உறுதியாகச் சொல்வேன். ரன்னிங் கான்ஃபிகை (இப்போது இயங்கும் அமைப்புகள்) ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் (சுவிட்ச் மறுபடி தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள்) சேமிக்கவும் மறவாதீர்கள்.