மணலி: ஹைப்போ டோசிங் பம்ப் மதியமானால் காற்றடைத்து நிற்கிறது

கூலிங் டவர் தண்ணீருக்கு சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ, கிருமி கொல்லும் குளோரின் மருந்து) அளந்து விடும் டோசிங் பம்ப், மார்ச்சில் வெயில் ஏறியதிலிருந்து மதியமானால் மருந்தை ஏற்றுவதில்லை. டிக் டிக் சத்தம் மட்டும் வருகிறது. காலையில் ஒழுங்காக ஓடுகிறது.

சொலினாய்டு டயஃப்ரம் வகை (மின்காந்தம் ஒரு சவ்வை முன்னும் பின்னும் தள்ளி மருந்தை ஏற்றும்), மணிக்கு 6 லிட்டர், 5 பார். பிவிடிஎஃப் பிளாஸ்டிக் ஹெட் (மருந்து உள்ளே வந்து வெளியேறும் தலைப்பகுதி), டெஃப்லான் டயஃப்ரம், செராமிக் பால் வால்வு. ஹைப்போ 10 சதவீதம். டேங்க் தரையில், பம்ப் அதற்கு மேலே ஸ்டாண்டில்.

ஃபுட் வால்வு (உறிஞ்சும் டியூபின் அடிமுனையில் இருப்பது), பால் வால்வு கழுவியாச்சு, டயஃப்ரம் மாற்றியாச்சு, டியூப் இணைப்புகளில் கசிவு இல்லை. சூட்டில் ஹைப்போ சிதைந்து ஆக்சிஜன் விடுகிறது, அந்தக் குமிழிகள்தான் ஹெட்டில் தங்கி உறிஞ்சலைக் கெடுக்கின்றன என்று நினைக்கிறேன். டேங்குக்குக் கூரை போட்டும் போதவில்லை. ஹெட்டில் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும். ஆனால் தினமும் ஆபரேட்டர் ஹைப்போவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து அதைத் திறப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணில் தெறித்தால் என்ன ஆகும்! விற்றவரோ அதே வகையில் பெரிய பம்ப் வாங்கச் சொல்கிறார்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஹைப்போவுக்கு டோசிங் பம்ப் ஓட்டுபவர்களிடம் கேட்கிறேன்: பம்பை டேங்கின் அடிமட்டத்துக்கு இறக்கி, தானாகக் காற்றை வெளியேற்றும் ஹெட் போட்டால் கோடையைத் தாங்குமா, இல்லை பெரிஸ்டால்டிக் வகைக்கே (உருளைகள் டியூபை அழுத்தி மருந்தைத் தள்ளும் பம்ப்) மாறிவிடலாமா?