ஜிப்பைப் பிரித்ததும் உள் ஃபைல்களின் பெயர் தொலைந்துபோகிறது

கேள்வி:
தினமும் ஒரு ஜிப் வருகிறது, உள்ளே 30 சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டேபிள் ஃபைல்கள்). எந்தக் கிளை, எந்தத் தேதி என்பது ஃபைல் பெயரில் மட்டும்தான் இருக்கிறது (மேற்கு_2024-03-07.சிஎஸ்வி மாதிரி). வரிகளுக்குள் தேதியே கிடையாது. பைத்தானில் ஒவ்வொன்றாகப் படித்து பாண்டாஸில் (பைத்தானின் டேபிள் நூலகம்) ஒரே டேபிளாக ஒட்டுகிறேன். ஒட்டியதும் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. நேற்று ஒரு கிளையின் கணக்கு இரண்டு முறை ஏறிவிட்டது. எந்த வரிகளை நீக்குவது என்று தெரியாமல் நிற்கிறேன். இன்னொன்று, தமிழில் இருக்கும் ஃபைல் பெயர்கள் குறி குறியாக வருகின்றன.

பதில் 1:
ஒட்டுவதற்கு முன்பே பெயரை எழுதிவிடுங்கள். இன்ஃபோலிஸ்ட்டை (ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல்களின் பட்டியல்) லூப்பில் ஓட்டி, ஒவ்வொரு ஃபைலையும் படித்த கையோடு இரண்டு நெடுவரிசை சேருங்கள்: ஜிப்பின் பெயர், உள் பெயர். உள் பெயரை ஃபோல்டரோடு முழுதாக வையுங்கள். பேஸ்நேம் (ஃபோல்டர் இல்லாத வெறும் ஃபைல் பெயர்) மட்டும் எடுத்தால் வடக்கு/விற்பனை, தெற்கு/விற்பனை இரண்டும் ஒன்றாகிவிடும். எனக்கு ஒரு மாதக் கணக்கே அப்படி ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுப் போனது. ஆனால் அந்தப் பெயரைச் சோதிக்காமல் டிஸ்க்கில் எழுதும் பாதையாக வைக்காதீர்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் அதில் இருந்தால், ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதிவிடும்.

பதில் 2:
அந்தக் குறிகளை உற்றுப் பாருங்கள். முதலில் கிரேக்க ஆல்பா, அடுத்து இரட்டைக் கோண மேற்கோள், இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் பெயர் கெடவில்லை. யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அவற்றைக் கோட்பேஜ் 437 (டாஸ் காலத்துப் பழைய எழுத்து அட்டவணை) என்று படித்தால் இப்படித்தான் தெரியும். பெயர் யூடிஎஃப்-8தான் என்று சொல்ல ஜிப் ஹெட்டரில் ஒரு பிட் உண்டு, எண் 11. அனுப்புகிறவர்களின் மென்பொருள் அதை ஏற்றாமல் விட்டால் பைத்தான் 437 என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான் 3.11 முதல் ஜிப்பைத் திறக்கும்போதே மெட்டாடேட்டா_என்கோடிங் என்பதில் யூடிஎஃப்-8 என்று கொடுக்கலாம். அதற்கு முந்தைய பதிப்பு என்றால், அந்தப் பிட் இல்லாத ஃபைல்களுக்கு மட்டும், பெயரை 437இல் என்கோட் செய்து (மறுபடி பைட்டுகளாக்கி) யூடிஎஃப்-8இல் டிகோட் செய்யுங்கள் (எழுத்தாக்குங்கள்).

கேட்டவர்:
ஆமாம், ஆல்பாவேதான்! நான் 3.9இல் இருக்கிறேன், அதனால் என்கோட், டிகோட் வழியில் போனேன். 'மேற்கு' என்று முழுதாக வந்ததைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. நெடுவரிசைகளைச் சேர்த்து மறுபடி ஏற்றினேன். உள் பெயர் ஒன்று, ஜிப் பெயர் மட்டும் இரண்டு: முந்தைய நாள் ஃபைலை அடுத்த நாள் ஜிப்பிலும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் ஜிப்பிலிருந்து அந்த உள் பெயரோடு வந்த மேற்கு வரிகளை மட்டும் ஒரே கொய்ரியில் நீக்கிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.